ஹெல்மெட்டில் ஒரு 'பீப்'

"மனோய், முதல்ல எர்த் கம்பியை மாட்டிட்டு அப்புறம் கை வைப்போமே!"

கம்பத்தில் எனக்குக் கீழே நின்றபடி கெஞ்சினான் என் உதவியாள் ரென்சியோ. எங்கள் தீவில் மனோய் என்றால் அண்ணன். இந்த அண்ணனுக்கு லைன்மேன் வேலையில் அனுபவம் ஜாஸ்தி. வாய் அதைவிட ஜாஸ்தி.

"சப்-ஸ்டேஷன்லயே ஆஃப் பண்ணியாச்சுடா. செத்த பாம்பை எத்தனை தடவ அடிப்ப?"

கீழே ஊரே கூடியிருந்தது. புயல் அடித்ததிலிருந்து கரண்ட் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் விளக்கு எரியுமா என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது பயந்தவன் மாதிரி எர்த் மாட்டிக்கொண்டிருந்தால் என் கெத்து என்னாவது?

"பயமா இருந்தா எறங்கிப் போய் பான்சிட் நூடுல்ஸ் தின்னு. பொம்பளைங்க சுடச்சுடக் கிண்டி வெச்சிருக்காங்க!"

கூட்டம் சிரித்தது. நான் கம்பியை நோக்கிக் கையை நீட்டினேன்.

'பீப்... பீப்... பீப்!'

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். ஹெல்மெட்டில் மாட்டியிருந்த கருவி! கிட்டத்தில் மின்சாரம் இருந்தால் கத்துவதுதான் அதன் வேலை. ரெண்டு பேருக்கு ஒன்று என்று இந்த வருஷம்தான் ஆபீஸில் கொடுத்தார்கள். பெரியவன் என்று நானே வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ரென்சியோ டெஸ்டர் கோலை நீட்டிப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பியில் கரண்ட்! பிறகுதான் தெரிந்தது, கடைசி வீட்டுக்காரன் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான். அது அப்படியே திரும்பி எங்கள் கம்பிக்கு வந்துவிட்டது.

எப்படி இறங்கினேன் என்றே தெரியவில்லை. ஆனால் கால் தரையில் பட்டதும் வாய் திறந்துகொண்டது.

"பாத்தீங்களா? மனுஷனை நம்பாதீங்க, மிஷினை நம்புங்க! இந்தப் பயலும் கூடத்தான் நின்னான், என்ன பிரயோஜனம்? என்னைக் காப்பாத்துனது இந்தக் குட்டிப் பெட்டிதான்!"

ஹெல்மெட்டைக் கழற்றி அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தேன்.

"எப்படிக் கத்துதுன்னு இன்னொரு தடவ காட்டுங்களேன்" என்றாள் ஒருத்தி.

அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. பெருமையாக அமுக்கினேன். சத்தமில்லை. மறுபடி அமுக்கினேன். ம்ஹூம். மூடியைத் திறந்தேன்.

உள்ளே பாட்டரியே இல்லை. புயலுக்கு முன்னால் ஒரு நாள், வீட்டில் பாட்டுப் பாட மைக்குக்கு வேண்டும் என்று பிடுங்கியது நானேதான்.

யாரும் பார்ப்பதற்குள் ரென்சியோ ஹெல்மெட்டை வாங்கி மூடியை அழுத்தினான்.

"பாட்டரி இப்பத்தான் தீந்துபோச்சு போல. நல்ல வேளை, மேல இருக்கும்போது வேலை செஞ்சுது" என்றான் கூட்டத்தைப் பார்த்து.

நான் அவனைத் தனியே இழுத்துப்போனேன். "டேய்... அப்போ மேல கத்தினது?"

தலையைச் சொறிந்தான்.

"ஜெனரேட்டர் ஓடுற சத்தம் கேட்டுது மனோய். நான் சொன்னா ரோஷத்துல கம்பியைப் பிடிச்சிடுவீங்க. அதான், மிஷின் மாதிரி சொன்னேன்."