ஹயாத் சிங்கின் வசவு

“வெளியே வாடா, திருட்டுப் பயலே! உன் மீசையைப் பிடுங்கிக் கயிறு திரிக்கலேன்னா என் பேரு ஹயாத் சிங் இல்ல!”

ஊர் விளக்கணைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். ஊருக்கே அண்ணன் முறை. ஹயாத் சிங் தாஜ்யூ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கையில் ஒரு நெய் டின். அதைத் தட்டிக்கொண்டே சரிவு முழுக்க ஒரு சுற்று. யாருடைய பரம்பரையையோ ஏழு தலைமுறைக்குத் திட்டிவிட்டு, கடைசியில் என் முற்றத்துக்கு வந்து நிற்பார்.

வேறு எந்த வீட்டு முன்னாலும் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்.

நைனிதாலில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். குடிகாரனைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் வாழ்க்கைப்பட்ட மலையூரில் அந்தப் பக்கம் ஏது? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

கணவர் பட்டாளத்தில், லடாக்கில். மேலறையில் நானும் ஆறு மாதக் கோலுவும். கீழறையில் இரண்டு ஆடுகளும், முயல் அளவே இருந்த அவற்றின் குட்டிகளும். ஆடுகள் விடும் மூச்சில் எங்கள் தரைப்பலகை ராத்திரியெல்லாம் கதகதப்பாக இருக்கும். பிறகு எத்தனையோ பட்டாள குவார்ட்டர்ஸில் ஹீட்டர் வைத்துப் படுத்திருக்கிறேன். அந்தச் சூடு வரவில்லை. அந்த வாசமும் வரவில்லை.

குட்டிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சிறுத்தை அக்கரை மலைக்குப் போய்விட்டதென்று ஊரே சொல்லியிருந்தது. என் பயமெல்லாம் இந்த மனிதர்தான். படியேறி வந்துவிட்டால்? தகரப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கோலுவின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் சுனையில் அவர் மனைவி, ஊருக்கே அண்ணியான பனுலி பௌஜியைப் பிடித்துக்கொண்டேன்.

“பௌஜி, தாஜ்யூவைக் கொஞ்சம் அடக்கி வையுங்க. புள்ளைக்குத் தூக்கத்துல தூக்கித் தூக்கிப் போடுது.”

“காதுல பஞ்சு வைம்மா. நான் ரெண்டு காதுலயும் வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்றேன்” என்று குடத்தைத் தேய்த்தபடியே சிரித்தார்.

“விளையாடாதீங்க. ஆம்பள இல்லாத வீட்டு முன்னாடிதான் அவருக்கு வீரம் பொங்குமா?”

தேய்த்த கை நின்றது.

“அப்படியா நெனைச்சே?”

“வேற எப்படி நெனைக்கிறது? இன்னிக்கு ராத்திரியும் வந்து கத்தினார்னா, ஆடுகளை உங்க வீட்டுல கட்டிட்டு நான் அம்மா வீட்டுக்குக் கெளம்பிடுவேன். திரும்பி வரவே மாட்டேன்.”

“அதை மட்டும் சொல்லாதே” என்றார் பௌஜி, சட்டென்று. “நான் பேசறேன் அவர்கிட்ட.”

அன்று ராத்திரி டின் சத்தமும் இல்லை, வசவும் இல்லை. பெட்டியைக்கூட இழுக்காமல் தூங்கிப்போனேன்.

விடிந்து, கோலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆடுகளுக்குத் தழை போடக் கீழே இறங்கினால், கீழறைக் கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக் கிடக்கிறார் ஹயாத் சிங்! வாய் திறந்திருக்கிறது. மடியில் ஒரு தடி. மீசையெல்லாம் வெள்ளையாகப் பனி.

எனக்கு வந்ததே ஆத்திரம். நேரே ஓடினேன் பௌஜி வீட்டுக்கு.

“வந்து அள்ளிக்கிட்டுப் போங்க உங்க ராஜாவை! கத்தக் கூடாதுன்னா, குடிச்சிட்டு என் வாசல்லயே விழுந்து கெடக்கலாம்னு அர்த்தமா?”

பௌஜி பதறவில்லை. கையில் ஏற்கெனவே ஆவி பறக்கும் தேநீரும், கடித்துக்கொள்ள ஒரு வெல்லக்கட்டியும் இருந்தன. அவற்றோடு என் கூடவே வந்தார்.

“யாரு, இவரா குடிகாரரு? ஒரு மூடி உள்ள போனா அந்த எடத்துலயே சுருண்டுடுவாரு. ராத்திரி பூரா ஊரைச் சுத்துவாராக்கும்!”

“அப்போ அந்தக் கூச்சலெல்லாம்?”

பௌஜி முகவாயால் முற்றத்தைக் காட்டினார்.

உறைபனியில் பாதத் தடங்கள். நாயினுடையதைவிடப் பெரியவை. மேலிருந்து இறங்கி, முற்றத்தைச் சுற்றி, தாஜ்யூவின் தடிக்கு எட்டாத தூரத்தில் நின்று, திரும்பிப் போயிருந்தன.

கதவுக்குப் பின்னால் குட்டிகள் பாலுக்குக் கத்தத் தொடங்கின. ஒன்றும் குறையவில்லை.

“அக்கரைக்கெல்லாம் போகலம்மா அது. உன் குட்டிங்க பொறந்ததுலேர்ந்து மோப்பம் பிடிச்சுக்கிட்டு வருது. மனுஷக் குரல் கேட்டா வெலகிப் போயிடும். நீ கத்தக் கூடாதுன்னுட்டே. அதான் வந்து உக்காந்துட்டாரு.”

கோலுவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பௌஜி! எதுக்கு இந்தக் குடிகார வேஷம்?”

பௌஜி சரிவில் வரிசையாகப் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்தார்.

“சொன்னா நீயும் பூட்டிக்கிட்டுப் போயிடுவே. இந்த ஊர்ல ஒரு கொழந்தை அழுத சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அது நின்னுடக் கூடாது, அதுக்காகக் குடிகாரன்னு பேரு வந்தா வந்துட்டுப் போகட்டும்னுட்டாரு.”