படிவத்தில் ஒரு வரி

விடாத காய்ச்சலுக்கு அறுபத்தாறு வயது செண்பகவடிவு நான்கு டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. ஐந்தாவது டாக்டர்தான் எச்.ஐ.வி. சோதனைக்கு எழுதினார். இருக்கிறது என்று வந்தது. கணவர் இறந்து பதினைந்து வருடம் என்றதும், படிவத்தில் ‘துணை’ என்ற இடத்தில் ஆலோசகர் பெண் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதினாள்.

“அதை அடிச்சிடும்மா. ஒருத்தர் இருக்கார்.”

பெண் நிமிர்ந்தாள். “அப்ப அவருக்கும் பார்க்கணும்மா. மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க.”

வெளியே ராஜாமணி அவள் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் என்றுதான் தெருவுக்குத் தெரியும்.

“என்ன சொன்னாங்க?”

அவளுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. பையை வாங்கிக்கொண்டாள். “நீங்களும் ஒரு தடவை உள்ள போயிட்டு வாங்க.”

அவர் கதவுக்கு மேலிருந்த பலகையை மெல்லப் படித்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.