இருமல் கேட்கும் கேபிள்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, மலேசியாவின் கிள்ளானில் உள்ள தம் வீட்டில் அய்யூப் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆம்பிளிஃபயருக்குப் புது பவர் கேபிள் மாட்டிய நாளிலிருந்து, பாட்டுக்கு நடுவே ஒரு பெண் இருமுவது அவருக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. மருமகன் செவ்வாய்க்கிழமைக்கு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தார்.

மனைவி ரம்லத் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, பழைய கேபிளையும் புதியதையும் மாற்றி மாற்றிச் செருகினார். எது என்று ஐந்து முறையும் அய்யூப் சரியாகச் சொன்னார்.

"பாம்புக் காது லா உங்களுக்கு," என்றார் ரம்லத். ஆறாவது முறை, சோதிப்பதற்காக, எதையும் செருகவில்லை. "இப்ப எதுங்க?"

"பாட்டே வரல, ஏமாத்தாத. ஆனா அந்தம்மா இருமுறாங்க."

அய்யூப் திரும்பிப் பார்த்தார். இரண்டு கேபிள்களும் ரம்லத்தின் கையில் இருந்தன.

"எனக்கும் கேக்குதுங்க."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அய்யூப்புக்கு மூச்சு நிதானமாக வந்தது. "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு ஒண்ணுமில்லங்க."

ரம்லத் மருமகனுக்கு போன் செய்து, டாக்டர் வேண்டாம் என்றார். பிறகு இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வைத்து, மூன்று கிளாஸில் ஊற்றினார்.