சுத்தமான நீர்

கழிப்பறைக்குள் போன மகன் வெளியே வர நேரமாக ஆக, இராஜமாணிக்கம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னப் போத்தலில் இருப்பதை, கிளினிக்கில் கொடுத்த போத்தலில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் நான்கு வருடம் கான்ட்ராக்டில் கிடந்த யோகேந்திரனுக்கு இப்போதுதான் நிரந்தர வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. மருத்துவச் சோதனையில் தேறிவிட்டால் ஒன்றாம் தேதி கையெழுத்து. சிறுநீரில் சீனி இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லியிருந்தார்கள்.

யோகேந்திரனுக்கு இருபத்தாறு வயதிலேயே இனிப்புநீர் வந்துவிட்டது. இப்போது இருபத்தெட்டு.

அவன் அம்மா தனலெட்சுமிக்கும் அதே நோய்தான். நாற்பத்தெட்டில் ஒரு கால் போனது. ஐம்பதில் ஆளே போய்விட்டாள்.

பையனுக்கு அம்மா வழி உடம்பு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இராஜமாணிக்கத்தின் உடம்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பதினான்கு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர், அறுபதிலும் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். அந்த உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது என்பதே எல்லோருடைய எண்ணமும். அவரும் அதை மறுத்ததில்லை.

அதனால்தான் போன வாரம் யோகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு அவரிடம் கேட்டான்.

"உங்களோடது கொஞ்சம் தாங்கப்பா. ஒரே ஒரு வாட்டிதான்."

பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் அவர் சொன்னார்.

கதவு திறந்தது. யோகேந்திரன் போத்தலைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

இராஜமாணிக்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மரவள்ளிக் கிழங்கும் கடுங்காப்பியும்தான் அவர் வளர்ந்த சாப்பாடு. அந்த ஆத்திரத்தில், தன் பிள்ளைகளுக்கு மைலோவில் டின்பாலை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். சம்பள நாளில் பொரித்த கோழி. அண்ணனுக்குப் பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்த மகள் ரதிக்கும் அதே ஊட்டம்தான். நம் பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாது, பசியில் படுக்கக் கூடாது. அவர் நினைத்தபடியே இரண்டும் நடந்தது.

டாக்டர் இருவரையும் உள்ளே அழைத்தார். இளம்பெண். கையில் நிறம் மாறிய காகிதப் பட்டை ஒன்று இருந்தது.

நிறையச் சீனி இருக்கிறது என்றார்.

சொல்லிவிட்டு யோகேந்திரனின் இடுப்பைப் பார்த்தார். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஐம்பது, அறுபதில் பார்த்ததை இப்போது முப்பதுக்குள்ளேயே பார்க்கிறோம் என்றார். தேறியதாகத் தன்னால் எழுதித்தர முடியாது, முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றார்.

யோகேந்திரன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். வேலை போன கோபத்தில் ஏதாவது சொல்வான் என்று இராஜமாணிக்கம் காத்திருந்தார். சொன்னால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

யோகேந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மாவைத் தூக்கிய அன்றைக்குப் பிறகு அவன் அந்தக் கையைப் பிடித்ததில்லை.

"வேலை கெடந்துட்டுப் போகுதுப்பா. நாளைக்கே ஒங்கள கிளினிக் கூட்டிட்டுப் போறேன். அறுபதுல வந்தா பயமில்லலா, மாத்திரையப் போட்டு ஓட்டிரலாம்."

இராஜமாணிக்கம் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"பதினஞ்சுல வந்தா?"

யோகேந்திரனுக்குப் புரியவில்லை.

இராஜமாணிக்கத்துக்கு இனிப்புநீர் வந்து இரண்டு வருடமாகிறது. தோட்டத்தில் ஒரு நாள் கூடாரம் போட்டு எல்லோருக்கும் சோதித்தபோது தெரிந்தது. வீட்டுக்குத் தெரியாமல் வேலைக்காட்டில் வைத்தே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் இரும்பு என்று சொன்ன உடம்பு. மகன் வந்து கேட்டபோதுகூட, அது இப்போது இரும்பு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டில் இன்னும் ஒரு சுத்தமான உடம்பு மிச்சம் இருக்கிறது என்று நினைத்தார்.

இன்று காலையில், பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு நின்ற ரதியிடம்தான் போத்தலை நீட்டினார். எதற்கு என்று கேட்டாள். அண்ணன் வேலைக்கு என்றார். ஒரு கணம் நெளிந்தாள், பிறகு சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

கொஞ்ச நாளாகவே இரவில் மூன்று தடவை, நான்கு தடவை எழுந்து போகிறாள். பரீட்சைப் பயம் என்று நினைத்திருந்தார்.

போத்தலை நிரப்பி அவர் கையில் கொடுத்தாள். சமையலறைக்குப் போய், பள்ளிக்கு எடுத்து வைத்திருந்த தண்ணீரை நின்ற நிலையில் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். மறுபடியும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.