முப்பத்தாறு உருண்டைகள்

ஸ்டிக்கர் மட்டும்தான் மேசையில் கிடந்தது. பேட்டரியைக் காணோம்.

மாமனாரின் காது மெஷினுக்குப் புது பேட்டரி போடும்போது உரித்துப் போடுகிற ஸ்டிக்கர் அது, அரை நகம் அளவு. பழைய பேட்டரி ஒழுங்காக டப்பாவில் இருந்தது. புதுசு அட்டையிலும் இல்லை, மேசையிலும் இல்லை, குனிந்து பார்த்தால் தரையிலும் இல்லை.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே அவள் கேட்டாள். "மாமா, புது பேட்டரிய மெஷின்ல போட்டீங்களா?"

அவர் நிமிரவே இல்லை. சாக்லேட் உருண்டைகளை வைக்கும் பேப்பர் கப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

காது கேட்கவில்லை என்றால் மெஷினில் பேட்டரி இல்லை. மெஷினில் இல்லையென்றால், அவர் உருட்டிய உருண்டை ஏதோ ஒன்றுக்குள் போயிருக்கிறது.

காலையிலிருந்து இரண்டு பேருக்கும் அதே வேலைதான். ஸ்ட்ராபெரியை மசித்து, கரண்டியில் ஒட்டும்வரை சுண்டக் காய்ச்சியது அவள். கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் வெள்ளைச் சாக்லேட் கட்டி தட்டிவிடும் என்று அடுப்பை விட்டு அசையவில்லை. சாக்லேட்டும் க்ரீமும் சேர்த்துக் கிளறி, குளிரவைத்து, பதினைந்து பதினைந்து கிராமாக நிறுத்துக் கொடுத்தாள். உருட்டியது மாமனார். அச்சகத்தில் முப்பது வருஷம் நின்றவர். அச்சு மெஷின் அவர் காதைத்தான் வாங்கிக்கொண்டது, கையை விட்டுவைத்திருந்தது. நடுவில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அட்டையை எடுத்தார். அவள் பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டாள்.

மொத்தம் முப்பத்தாறு. மகளுக்கு இன்று ஐந்து வயது. வருகிற குழந்தைகள் ஒரே வாயில் போட்டு விழுங்கட்டும் என்றுதான் அளவைச் சின்னதாக வைத்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். போன மாதம்தான் ஒரு குழந்தையைப் படம் எடுத்தாள். தொண்டைக்குக் கீழே வட்டமாக, காசு மாதிரி ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. காசு இல்லை, பேட்டரி, உள்ளே சுட்டுவிட்டது என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் அந்தக் குழந்தையின் அம்மா ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணி மூன்று இருபது. நாலு மணிக்குப் பன்னிரண்டு குழந்தைகள் வந்துவிடும்.

மிக்ஸியை அணைத்தாள். ஃபிரிட்ஜிலிருந்து தட்டை எடுத்து, முதல் உருண்டையைக் கத்தியால் பிளந்து முள்கரண்டியால் நசுக்கினாள். இல்லை. அடுத்தது. இல்லை. தராசில் வைத்துப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அந்த ஓட்டைத் தராசு அரை கிராம் வித்தியாசத்தையெல்லாம் காட்டாது.

மாமனார் ஏன் என்பதுபோலப் பார்த்தார். இருங்க என்று கையைக் காட்டினாள். காது கேட்காதவரிடம் கத்திக் கத்தி விளக்க இப்போது யாருக்கு நேரமிருக்கிறது?

பதினோராவது உருண்டையில் போன் அடித்தது. கணவன்தான். மகளோடு பலூன் கடையில் நின்றுகொண்டு, என்ன நிறம் வாங்குவது என்று கேட்டான்.

குழந்தையை வண்டியில் வைத்துக் கூட்டிவர வேண்டியவன். பேட்டரி என்று சொன்னால் பதறிப்போவான். அதனால் அதைச் சொல்லவில்லை. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மற்றதைச் சொல்லிவிட்டாள்.

"உங்க அப்பாவ இனிமே என்னால பாத்துக்க முடியாது. போன வாரம் கேஸ மூடல, இன்னைக்கு வேற ஒண்ணு. அன்னைக்குப் பாத்துட்டு வந்தோமே அந்த முதியோர் ஹோம், அடுத்த மாசமே சேத்துடுவோம். ஆமா, பக்கத்துலதான் இருக்காரு. அவருக்கு எங்க கேக்கப் போகுது."

மாமனாரின் கை ஒரு கப்பில் நின்றது. இரண்டு கப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை மறுபடி வேலையைப் பார்த்தது.

இருபது. இருபத்தெட்டு. விரலெல்லாம் பிசுபிசுத்துக் கத்தி வழுக்கியது. ஒவ்வொன்றிலும் இல்லை என்று தெரியத் தெரிய, மிச்சமிருப்பவற்றின் மேல் பயம் கூடிக்கொண்டே போனது. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து.

தட்டில் வேறு உருண்டை இல்லை.

மகள் கிளம்பும்போது ஃபிரிட்ஜ் கதவு ஒருமுறை திறந்து மூடியது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் குடிக்கிறாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போனை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுக்க முடியவில்லை. "ஒண்ணு கொறையுது" என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அது நான்தாம்மா" என்றார் மாமனார், கப்புகளிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒண்ணே ஒண்ணு. சக்கரைன்னு திட்டுவியேன்னு சொல்லல."

போன உயிர் திரும்பி வந்தது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் எதையும் விழுங்கவில்லை. பேட்டரி எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான், அவர் காதில், மாற்றிய நேரத்திலிருந்து இருந்திருக்கிறது. முதலில் அவள் கேட்டது மிக்ஸி இரைச்சலில்தான் அவருக்கு விழவில்லை.

அப்புறம்தான் மற்றது புரிந்தது. முகம் சுட்டது.

"மாமா" என்றாள்.

அவர் கடைசிக் கப்பை வரிசையில் வைத்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அந்த எடத்துலேர்ந்து நம்ம வீட்டுக்கு நேர் பஸ் இருக்காம்மா?" என்று கேட்டார்.