குட்டைக்குக் காவல்

அந்தப் புல்வெளிக் குட்டையில் தண்ணீர் குடித்ததும் யாரும் உடனே போய்விட மாட்டார்கள். அடுத்தவர் குடித்து முடிக்கும்வரை நின்று புதர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியொரு பழக்கம். முன்னங்கால்களை அகட்டிக் குனிந்தால் சட்டென நிமிர முடியாத ஒட்டகச்சிவிங்கிக்கு அதுதான் உயிர்.

நேற்று சிங்கராஜா அந்தப் பழக்கத்தை ஒழித்துவிட்டு, கழுதைப்புலியைக் காவலதிகாரி ஆக்கிவிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் நில்லேன்" என்று வரிக்குதிரையிடம் கெஞ்சியது ஒட்டகச்சிவிங்கி.

"நின்னா தண்டனையாம் அக்கா. அதான் ஆள் போட்டிருக்காங்களே!" என்று அது ஓடிவிட்டது.

தாகம் தாங்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி காலை அகட்டிக் குனிந்தது.

"நிம்மதியாக் குடி, நான் இருக்கேன்" என்றது கழுதைப்புலி.

தண்ணீரில் கழுதைப்புலியின் முகம் தெரிந்தது. புதர்ப்பக்கம் அது திரும்பவே இல்லை. குனிந்திருந்த கழுத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தது.