ஒன்றுகூடக் குறையவில்லை

“இந்தக் காலத்து ஜனங்க சாமி எதிர்லயே செருப்ப மாட்டிக்கினு போய்ட்றாங்க சார். விரிஞ்சிபுரத்துல கும்பிட்டுட்டுத் திரும்பறேன், என் செருப்பக் காணோம். புதுச் செருப்பு. நீங்க இன்னான்னா புஸ்தக அலமாரியத் தொறந்து போட்டுட்டு, வெச்சது வெச்ச எடத்துல இருக்கும்ன்றீங்க.”

சொல்லிவிட்டு செங்கல்வராயன் நூலக வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஆம்பூர் கிளை நூலகத்தில் பத்து வருஷமாக அட்டெண்டர். மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. போன தை மாசம் வரைக்கும் எட்டு அலமாரியின் சாவிக்கொத்தும் அவர் இடுப்பில்தான் கிடந்தது.

நூலகர் ராமமூர்த்தி சிரித்தார். இங்கிருந்து ஒருவர் அங்கே, அங்கிருந்து ஒருவர் இங்கே என்ற ஏற்பாட்டில், ஆறு மாசம் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஆறு மாசமும் அந்த ஊர் ஹெலன் அம்மாள் இவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆம்பூர் வெயிலில் தக்காளியாய்ச் சிவந்து, கப்பலேறிப் போனார்.

திரும்பி வந்த முதல் நாளே ராமமூர்த்தி சாவிக்கொத்தை வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டார். அந்த ஊரில் அலமாரிக்குப் பூட்டே கிடையாதாம். வேண்டியவர் வேண்டியதைத் தானே எடுத்துப் பார்ப்பாராம்.

வேலூர் ஆபீசுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று மாசம் கெடு. ஒரு புத்தகம் குறைந்தாலும் ராமமூர்த்தியின் வேலை போய்விடும் என்று எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கெடு இன்றோடு முடிகிறது. காலையிலிருந்து ராமமூர்த்தி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி அலமாரிதான் பாக்கி.

“ஊட்டுல உங்க சம்சாரத்துக்கு ஏழாம் மாசம்,” என்றார் செங்கல்வராயன். “அது சோத்துல மண்ண அள்ளிப் போடறதுக்கா சீமைக்குப் போய்ப் படிச்சுக்கினு வந்தீங்க?”

“சம்பூர்ணமும் இதேதான் கேக்கறா. ஜனங்கள நம்பணும் செங்கல்வராயன்.”

“நம்புங்க. வாசல்ல ஒருத்தனையும் தடவிப் பாக்கக் கூடாதுன்னீங்க. மடியில இன்னாடான்னு கேக்கக் கூடாதுன்னீங்க. கேட்டனா?”

“கேக்கல.”

“வாசல்ல வாயத் தொறக்கல சார் நான். திருஷ்டி பொம்மை மாதிரி குந்திக்கினு இருக்கேன்.”

“சும்மா உக்காந்திருக்கிற மனுஷனுக்கு இவ்வளவு களைப்பு எப்படி வருது? முன்னெல்லாம் நாள் பூரா பூட்டித் தொறந்து நிப்பீங்க, நல்லாத்தான் இருந்தீங்க. இப்ப வேலையும் கம்மி, ஆளும் பாதியாய்ட்டீங்க.”

“வயசு.”

“வேட்டி ஓரமெல்லாம் என்ன கறை?”

“டேனரில தோல் ஊறவெச்ச தண்ணி ரோட்டுல ஓடுது. மிதிக்காம பறந்தா வருவாங்க?”

ராமமூர்த்தி ஒரு புத்தகத்தை உருவி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “இதையும் மோந்து பாருங்க. தோல் வாசனை! டேனரி ஆளுங்கல்லாம் வந்து படிக்கறாங்க. பூட்டு இருந்தப்ப ஒருத்தர் வந்தாரா?”

“அது வாசனையா சார்? நாத்தம்.”

ராமமூர்த்தி கடைசி வரிசையை எண்ணி முடித்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒண்ணுகூடக் குறையல!”

செங்கல்வராயன் கொட்டாவி விட்டார்.

“இதையும் கேளுங்க. மாசா மாசம் கணக்கை ஹெலன் அம்மாவுக்கு எழுதிக்கிட்டு வந்தேன். பதில் வந்திருக்கு. அவங்க நூலகத்துல வருஷத்துக்கு முந்நூறு புத்தகம் காணாமப் போகுதாம். நம்மகிட்ட எப்படிப் போகலன்னு கத்துக்கிட்டு வர, அங்கேருந்து ஒரு ஆளை அனுப்பப் போறாங்களாம்!”

“அங்கியே களவு போவுதா?”

“போகும்தான்.”

“அத எங்கிட்ட சொல்லவேயில்லியே நீங்க.”

ராமமூர்த்தி அவசரமாகக் கடிதத்தை மடித்தார். “எங்க ஜனங்க யோக்கியமானவங்கன்னு பதில் எழுதறேன். குடியாத்தம் கிளையிலயும் பூட்டை எடுத்துடலாம்னு வேலூருக்கும் எழுதப் போறேன்.”

“குடியாத்தமுமா?” செங்கல்வராயன் குனிந்து தன் வீங்கிய பாதங்களைப் பார்த்தார்.

அப்போது உள்ளே, எண்ணி முடித்த அலமாரி ஓரம் படித்துக்கொண்டிருந்த டேனரி கனகராஜ் எழுந்து வந்தான். இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு கும்பிடு போட்டான். “வர்றேன் சார்.”

“அடிக்கடி வாங்க!” என்றார் ராமமூர்த்தி, மனசு நிறைந்து.

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, செங்கல்வராயன் சுவரைப் பிடித்து எழுந்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க? டீ சொல்றேன். இப்பவாவது ஒத்துக்குங்க, ஜனங்க நல்லவங்கதானே?”

“ஒத்துக்க மாட்டேன் சார். நேரமாச்சு, வர்றேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் வீடு கிழக்கே. அவர் நடந்தது மேற்கே, டேனரிப் பக்கம்.

வீடு வந்து சேர்ந்த கனகராஜ் இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் செருமல் கேட்டது.

“லைப்ரரில கேக்கக் கூடாது, சார் உத்தரவு. இது உன் ஊடு, இங்க கேக்கலாம். இடுப்புல சொருகிக்கினு வந்தியே, அந்தப் புஸ்தகத்த எடு. மூணு மாசத்துல உன்னோட சேத்து நூத்தி ரெண்டு வாசல் ஏறி எறங்கிட்டேன்டா கனகராஜு. இனிமே குடியாத்தம் வேற இருக்குதாம்.”